பயிருக்குள் வாழும் பூஞ்சணம்: புதிதாக வருபவர்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

வாழைக் கிழங்கைக் குடையும் கூன்வண்டுப் புழுவுக்கு எந்த மருந்தும் எளிதில் எட்டாது. அது மண்ணுக்கு அடியில், கிழங்கின் நடுவில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். மக்காச்சோளக் குருத்துக்குள் இறங்கிவிட்ட படைப்புழுவும் அப்படித்தான். மேலே தெளித்தது மேலேயே நின்றுவிடும். பூச்சிக்குப் பகையான ஒரு பூஞ்சணத்தைப் பயிரின் உடம்புக்குள்ளேயே வாழவைத்தால் என்ன என்ற யோசனை இந்த இடத்தில்தான் பிறந்தது. மக்காச்சோளம், வாழை, காபி, பருத்தி, தக்காளி என்று பல பயிர்களில் இது முடியும் என்று காட்டிவிட்டார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் முடிந்தது வயலில் ஒவ்வொரு முறையும் முடிந்துவிடுவதில்லை. உங்கள் வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

வேளாண் பட்டம் முடித்து வருகிறவர்கள், உழவர் குழுக்களில் உயிரியல் மருந்து தயாரிக்கத் தொடங்கியவர்கள், சொந்தத் தோட்டத்தில் செய்துபார்க்க நினைப்பவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பயிர்ப் பாதுகாப்பில் பல காலம் கழித்த ஒருவன் அடுத்த தலைமுறைக்குச் சொல்லவேண்டியவை இவை.

1. இந்தப் பூஞ்சணங்களின் வரலாற்றை முதலில் படியுங்கள்.

இத்தாலியில் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாக இறந்து, மேலெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து விறைத்துப்போயின. அகோஸ்தினோ பாஸி என்பவர் அந்த நோயை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, அதற்குக் காரணம் ஒரு நுண்ணுயிர், அது ஒரு புழுவிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகிறது என்று 1835இல் வெளியிட்டார். பாஸ்டரும் கோக்கும் வருவதற்கு முன்பே நடந்தது இது. அந்த நுண்ணுயிர் பவேரியா பாசியானா என்ற பூஞ்சணம்; அதன் பெயரில் இருப்பது அவர் பெயர்தான். 1879இல் மெட்ச்னிகாஃப், கோதுமையைத் தாக்கும் வண்டிலிருந்து பச்சை நிறப் பூஞ்சணம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இன்று நாம் மெட்டாரைசியம் என்கிறோமே, அது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் லூயிஸ், பிங் ஆகியோர், இளம் மக்காச்சோளத்தில் இட்ட பவேரியா செடிக்குள் புகுந்து தங்கி, தண்டுத் துளைப்பானின் சேதத்தைப் பருவம் முழுக்கக் குறைப்பதைக் காட்டினார்கள்.

இதைப் படிப்பது தேர்வுக்காக அல்ல. பூச்சியைக் கொல்லும் இதே பவேரியா பட்டுப்புழுவையும் கொல்லும் என்பது முதல் நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. அது செடிக்குள்ளும் வாழும் என்பது, தண்டைப் பிளந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. எச்சரிக்கை, ஆர்வம் இரண்டையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. பூச்சி எங்கே கடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் பூஞ்சணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மெட்டாரைசியம் பெரும்பாலும் வேரோடு நின்றுகொள்ளும். பவேரியா வேர், தண்டு, இலை என்று பல பாகங்களுக்கும் போகும். வேர்ப்புழுவுக்கு முதலாவது, தண்டைக் குடைவதற்கு இரண்டாவது என்று தொடங்குவது முறை. மெட்டாரைசியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. மண்ணில் தான் கொன்ற பூச்சியிலிருந்து தழைச்சத்தை எடுத்து, தான் ஒட்டிக்கொண்டிருக்கும் வேருக்குக் கொடுக்கும். கனடாவில் பிடோச்கா குழுவினர் இதை 2012இல் காட்டினார்கள்.

பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஒரே பவேரியாவில் நூற்றுக்கணக்கான ஸ்ட்ரெய்ன்கள், அதாவது உள்வகைகள், உண்டு. வண்டின் தோலைத் துளைத்து நன்றாகக் கொல்லும் ஸ்ட்ரெய்ன், வாழைக்குள் நுழையாமலே போகலாம். நுழையும் ஸ்ட்ரெய்ன், கொல்வதில் மந்தமாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

3. செடி சிறிதாக இருக்கும்போதே கொடுங்கள்.

வளர்ந்த மரத்தைப் பூஞ்சணம் ஏற்கச் செய்வது கடினம். விதையில், நாற்றில், கன்றில் கொடுப்பதற்குப் பலன் அதிகம். உகாண்டாவில் வாழைக் கிழங்குக் கூன்வண்டுக்கு எதிராக நடந்த ஆய்வுகள் இதற்கு நல்ல பாடம். அங்கே திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளின் வேரையும் கிழங்கையும் பவேரியா கரைசலில் நனைத்து நட்டார்கள். மற்ற முறைகளைவிட நனைத்து நடுவதில்தான் பூஞ்சணம் நன்றாகப் பிடித்தது. புழுக்கள் குறைந்தன, கிழங்கின் சேதமும் குறைந்தது.

திசு வளர்ப்புக் கன்று கிருமி நீக்கிய குப்பியில் வளர்வதால், இயற்கையாகச் செடிக்குள் இருக்கவேண்டிய நுண்ணுயிர்கள் அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. குப்பியிலிருந்து எடுத்து நிழல்வலைக் கூடத்தில் பழக்கும் சில வாரங்கள்தான் நமக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. அப்போது போட்டிக்கு ஆளில்லை. தோட்டத்து மண்ணில் நட்டுவிட்டால் ஆயிரம் நுண்ணுயிர்களோடு நம் பூஞ்சணம் போராட வேண்டியிருக்கும்.

பக்கக்கன்று நடுபவர்கள் ஈட்டிக் கன்றாகத் தேர்ந்து, வேரை நீக்கி, கிழங்கின் மேல்தோலைச் சீவி, குடைந்த தடம் உள்ளதை ஒதுக்கிவிட்டு, நல்லதை மட்டும் நனைத்து நடுங்கள். மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பவேரியா என்று விதை நேர்த்தி செய்யும் வழக்கம் நம்மூரில் வந்துவிட்டது. அதை விதைக்கிற அன்றே, நிழலில் செய்யுங்கள்.

4. வித்துக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் சறுக்குகிறார்கள். நம் நாட்டில் விற்கும் பவேரியா பொடியில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள பூஞ்சண வித்து (ஸ்போர்) இருக்கவேண்டும் என்பது பொதுவான தரம். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கரைத்தால் மொத்தம் 100 கோடி, அதாவது ஒரு மில்லிக்கு 10 லட்சம். செடிக்குள் குடியேறியதைக் காட்டிய ஆய்வுகள் பலவற்றில் ஒரு மில்லிக்கு 1 கோடி அல்லது அதற்கும் மேல் வைத்திருக்கிறார்கள். நம் பொடியில் அந்த அளவு வேண்டுமானால் லிட்டருக்கு 100 கிராம் கரைக்க வேண்டும்.

தெளிப்புக்குச் சொன்ன அளவை எடுத்து, கன்று நனைக்கும் வாளியில் போட்டுவிட்டு, பூஞ்சணம் வேலை செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. நனைப்பதற்குத் தொட்டி சிறியதாக இருந்தால் போதும், கரைசல் கெட்டியாக இருக்கட்டும். ஒரு துளி ஒட்டும் திரவம் சேர்த்தால் வித்துகள் கட்டி கட்டாமல் பரவும். அடிக்கடி கலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வித்து அடியில் தங்கி, கடைசிக் கன்றுகளுக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும்.

5. பொட்டலத்தில் இருப்பது உயிர் என்பதை மறக்காதீர்கள்.

உறைமோரை வெந்நீரில் ஊற்றிவிட்டு தயிர் வரும் என்று காத்திருப்பவர் யாருமில்லை. பவேரியா பொட்டலத்தை மட்டும் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலான பவேரியா ஸ்ட்ரெய்ன்கள் 25 டிகிரி வெப்பத்தை ஒட்டி நன்றாக வளரும், 35 டிகிரியைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுபோகும். நேர்வெயிலின் புற ஊதாக் கதிர் வித்தைச் சில மணி நேரத்தில் கெடுத்துவிடும். அதனால்தான் இலைமேல் தெளித்தது நிலைப்பதில்லை, செடிக்குள் போனது பிழைக்கிறது.

தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பதிவு எண் மூன்றையும் பார்க்காமல் வாங்காதீர்கள். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த சரக்காக இருக்கவேண்டும். ஆய்வுக்கூட வசதி உள்ளவர்கள் ஒவ்வொரு கட்டுச் சரக்கிலும் சிறிது எடுத்து அகார் தட்டில் பரப்பி, 25 டிகிரியில் ஒரு நாள் வைத்து, நுண்ணோக்கியில் எண்ணுங்கள். 100 வித்தில் 90 முளைத்திருந்தால் நல்ல சரக்கு. பாதிதான் முளைத்தது என்றால் அதைக்கொண்டு எந்தச் சோதனையும் தொடங்காதீர்கள்.

6. பூஞ்சணக்கொல்லியையும் நல்ல பூஞ்சணத்தையும் ஒரே விதையில் சேர்க்காதீர்கள்.

கார்பென்டசிம், மேன்கோசெப் போட்டு நேர்த்தி செய்த விதையின் மேல் பவேரியாவைத் தடவுவது வீண். கடையில் வாங்கும் கலப்பின விதைகளில் பலவும் ஏற்கெனவே மருந்து பூசியே வருகின்றன, பையின் பின்புறத்தைப் படியுங்கள். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் ஆகியவையும் நல்லவைதான். ஆனால் டிரைக்கோடெர்மா மற்றப் பூஞ்சணங்களின் மேல் ஏறி அவற்றைத் தின்று வளர்வது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலக்கும் பழக்கத்தை விடுங்கள். எதை எதோடு சேர்க்கலாம் என்று முதலில் தட்டில் பார்த்துவிட்டு, பிறகு தோட்டத்துக்குப் போங்கள்.

7. உள்ளே இருக்கிறது என்று சொல்லும் முன் காட்டுங்கள்.

செடியின் மேல் ஒட்டியிருக்கும் வித்தையே உள்ளே இருக்கும் பூஞ்சணம் என்று நினைத்துவிடுவது எளிது. வேரையோ தண்டையோ நன்றாகக் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலிலும், பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலிலும் முக்கி எடுத்து, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். கடைசியாக அலசிய தண்ணீரில் சில துளிகளை ஒரு தனித்தட்டில் ஊற்றி வையுங்கள். அந்தத் தட்டில் எதுவும் முளைக்கக்கூடாது. முளைத்தால் மேற்புறம் சுத்தமாகவில்லை என்று பொருள். அன்றைய சோதனை முழுவதையும் தள்ளிவிடுங்கள்.

அலசிய துண்டின் ஓரங்களை வெட்டி நீக்கி, நடுப்பகுதியை அகார் மேல் வைத்து 25 டிகிரியில் காத்திருங்கள். ஒரு வாரம் பத்து நாளில், வெட்டிய முகத்திலிருந்து மட்டும் மெல்லிய வெண்ணிழைகள் கிளம்பும். முதலில் பஞ்சு போல இருக்கும், பின் மாவு தூவியது போல ஆகும். ஊசி முனையில் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் வையுங்கள். உருண்டை வித்துகள் கொத்தாகக் கூடியிருக்கும், அவற்றைத் தாங்கும் காம்பின் நுனி வளைந்து வளைந்து கோணலாகப் போகும். அதுதான் பவேரியாவின் அடையாளம். அந்தக் கோணல் நுனியைக் கண்ணால் பார்க்காமல், வெள்ளையாக வளர்ந்ததையெல்லாம் பவேரியா என்று எழுதாதீர்கள்.

நேர்த்தி செய்யாத செடிகளையும் அதே நாளில் அதே முறையில் சோதியுங்கள். பவேரியா இயற்கையிலும் மண்ணில் இருப்பது. நாம் கொடுத்த ஸ்ட்ரெய்ன்தானா என்று உறுதிசெய்ய மரபணுச் சோதனை வேண்டும். அந்த வசதி உள்ள நிறுவனத்தோடு தொடக்கத்திலேயே உறவு வைத்துக்கொள்ளுங்கள்.

8. செத்த பூச்சியை மட்டும் தேடாதீர்கள், கிழங்கை வெட்டிப் பாருங்கள்.

தெளித்த பூஞ்சணத்தால் இறந்த வண்டு வெள்ளை போர்த்துக் கிடக்கும். செடிக்குள் வாழும் பூஞ்சணம் பெரும்பாலும் அப்படிக் கொல்வதில்லை. அது சுரக்கும் பொருட்களாலும், அது தூண்டிவிடும் செடியின் சொந்த எதிர்ப்பாலும், புழு குறைவாகத் தின்னும், மெதுவாக வளரும், முட்டை குறையும். அசுவினியில் குட்டிகள் குறைவதைப் பருத்தி ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வெள்ளை போர்த்த பிணத்தைத் தேடிப் போகிறவர் ஒன்றும் காணாமல் திரும்புவார். பலனோ அவர் காலடியில் இருந்திருக்கும்.

வாழையில் அறுவடை முடிந்ததும் கிழங்கைத் தோண்டி, குறுக்காக வெட்டுங்கள். நல்ல கிழங்கு வெள்ளையாக, ஈரமாக மின்னும். தாக்கியதில் விரல் நுழையும் சுரங்கங்கள் ஓடும், ஓரம் கறுத்து அழுகியிருக்கும். சிலவற்றில் காலில்லாத வெள்ளைப் புழு, செம்பழுப்புத் தலையோடு சுருண்டு கிடக்கும். ஓரப் பட்டையில் உள்ள சுரங்கத்தையும் நடுப்பகுதியில் உள்ளதையும் தனித்தனியே குறியுங்கள். நடுவில் குடைந்ததுதான் தாருக்கு அதிகக் கேடு. கிழங்குக்குக் கிழங்கு எழுதிவைத்தால், ஒரு பருவ முடிவில் நேர்த்தி செய்ததற்கும் செய்யாததற்கும் உள்ள வேறுபாடு தாளில் தெரிந்துவிடும்.

9. நேர்த்தி செய்யாத வரிசை இல்லாமல் எதையும் முடிவு கட்டாதீர்கள்.

வண்டு குறைந்த ஆண்டில் எதைப் போட்டாலும் பலன் தந்ததுபோல இருக்கும். ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் நட்ட, வெறும் தண்ணீரில் நனைத்த கன்றுகள் சில வரிசையாவது இருக்கட்டும். அவற்றைத் தோட்டத்தின் ஒரு மூலையில் ஒதுக்காமல், நேர்த்தி செய்த வரிசைகளுக்கு இடையிடையே வையுங்கள்.

10. பூஞ்சணத்தின் தோளில் முழுச் சுமையையும் ஏற்றாதீர்கள்.

கிழங்குக் கூன்வண்டு அதிகம் பறப்பதில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அது போவது பெரும்பாலும் நாம் சுமந்துசெல்லும் கன்றின் வழியாகத்தான். சுத்தமான கன்று இல்லாமல் எந்தப் பூஞ்சணமும் தோட்டத்தைக் காப்பாற்றாது. அறுவடை முடிந்த மரத்தை வெட்டிப்போட்டு அப்படியே விட்டால் அது வண்டின் விடுதியாகிவிடும். துண்டாக்கிக் காயவிடுங்கள். நெடுக்காகப் பிளந்த தண்டுத் துண்டுகளைப் பொறியாகத் தரையில் கவிழ்த்து, உள்முகத்தில் பவேரியா தடவி வைத்தால், வாசனைக்கு வரும் வண்டுகள் வித்தைச் சுமந்து செல்லும். உள்ளே ஒரு காவல், வெளியே இந்தக் காவல்கள் என்று சேர்ந்தால்தான் பலன் நிற்கும்.

செடிக்குள் போன பவேரியா என்றென்றும் இருப்பதுமில்லை. மாதங்கள் போகப்போகக் குறையும். அடுத்த தலைமுறைக்கு விதை வழியாகப் போகும் என்றும் நம்பியிருக்க முடியாது. ஒவ்வொரு நடவுக்கும் மறுபடி நேர்த்தி செய்யவேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.

11. செடிக்குள் இருப்பதைச் சாப்பிடுகிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சில புல்லினங்களுக்குள் எபிக்ளோயி என்ற பூஞ்சணம் பிறவியிலேயே வாழ்கிறது. விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். பூச்சியை நன்றாகத் தடுக்கும். ஆனால் அமெரிக்காவில் அந்தப் பூஞ்சணம் உள்ள ஃபெஸ்க்யூ புல்லை மேய்ந்த மாடுகள் நோயுற்றன. அந்த நோய்க்கும் பூஞ்சணத்துக்கும் உள்ள தொடர்பு 1977இல் தெரிந்தது; பூஞ்சணம் சுரக்கும் நஞ்சுதான் காரணம். நியூசிலாந்தில் ரை புல்லை மேய்ந்த ஆடுகள் தள்ளாடி விழுந்தன. அங்கே விஞ்ஞானிகள் பூஞ்சணத்தைக் கைவிடவில்லை. ஆட்டைப் பாதிக்கும் நஞ்சைச் சுரக்காமல், பூச்சியைத் தடுக்கும் பொருளை மட்டும் சுரக்கும் ஏஆர்1 போன்ற ஸ்ட்ரெய்ன்களைத் தேடிப்பிடித்துப் புல்லுக்குள் வைத்தார்கள். பொறுப்போடு செய்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு அது உதாரணம். இயற்கையானது என்பதாலேயே ஒன்று கேடற்றதாகிவிடாது, தீவனப் பயிரிலும் கீரையிலும் இறங்கும் முன் சோதனை முடிவுகளைக் கேளுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி போல மல்பெரியும் பட்டுப்புழுவும் உள்ள பகுதிகளில் பவேரியாவைப் பட்டுப்புழு மனைக்கு அருகில் கொண்டுபோகவே வேண்டாம். பாஸி கண்ட அதே நோய் அங்கே ஒரு குடும்பத்தின் வருமானத்தை அழித்துவிடும். பொடியைக் கையாளும்போது நீங்களும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். வித்துத் தூசி சிலருக்கு ஒவ்வாமை தரும்.

12. உழவரிடம் சரியான அளவில் வாக்குக் கொடுங்கள்.

இந்தத் துறைக்குக் கெட்ட பெயர் வந்தது பூஞ்சணத்தால் அல்ல. உயிரில்லாத பொடியைத் தள்ளிவிட்டவர்களாலும், ஒருமுறை போட்டால் போதும், வண்டே வராது என்று பேசியவர்களாலும் வந்தது. ஒருமுறை ஏமாந்த உழவர் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு நல்ல சரக்கையும் தொடமாட்டார்.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: இது வண்டை ஒழிக்காது, சேதத்தைக் குறைக்கும். நடும்போதே செய்தால்தான் பலன், வண்டு ஏறிய பிறகு செய்து பயனில்லை. பாதித் தோட்டத்தில் செய்யுங்கள், மீதியை உங்கள் வழக்கப்படியே வையுங்கள், அறுவடையில் இருவரும் சேர்ந்து கிழங்கை வெட்டிப் பார்ப்போம். இவ்வளவு சொன்னால் அவர் யோசிப்பார், கேள்வி கேட்பார், சில சமயம் வேண்டாம் என்றும் சொல்வார். சொன்ன நாளில் நீங்கள் கத்தியோடும் குறிப்பேட்டோடும் போய் நின்றால், வேண்டாம் என்ற பக்கத்துத் தோட்டக்காரரும் வந்து எட்டிப்பார்ப்பார். பலன் இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று, வித்தின் முளைப்பிலிருந்து மண்ணின் வெப்பம்வரை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அந்தத் தேடலை அவர்கள் எதிரிலேயே செய்யுங்கள். உங்கள் மேல் அவர்கள் வைக்கும் நம்பிக்கைதான் அடுத்த பருவத்துக்கு உங்களுக்கு நிலம் தரும்.